சாம்பிள் நன்றாகத்தான் இருக்கும்

"சாம்பிள் நன்றாகத்தான் சார் இருந்தது" என்று தொடங்கும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடிகின்றன. சரக்கு வந்து இறங்கியிருக்கும், பணம் முழுவதும் போயிருக்கும், இனி நான் வந்து பார்த்து ஏதாவது செய்ய வேண்டும். மரச்சாமான்களின் தரத்தைச் சோதிப்பது என் தொழில். பூனை ஏறி விளையாடும் கேட் ட்ரீ, நகம் கீறும் கம்பம், நாய்க் கட்டில் என்று செல்லப் பிராணிச் சாமான்கள் இப்போது அதில் பெரும்பங்கு பிடித்துவிட்டன. இறக்குமதி செய்கிறவர்களில் பலர் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள். அதனால் வரும் தவறுகளை மன்னித்துவிடலாம். கடைசியாக வந்த அழைப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அழைத்தவர் திருப்பூர்க்காரர், பின்னலாடை ஏற்றுமதியாளர். உற்பத்திக்கு முன் செய்து காட்டும் பி.பி. சாம்பிளில் பையர், அதாவது வாங்குகிற வெளிநாட்டு நிறுவனம், கையெழுத்துப் போடாமல் ஒரு மீட்டர் துணியைக்கூடக் கட்டிங் மேசையில் விரிக்க மாட்டார். அப்படிப்பட்டவர், பக்கத் தொழிலாகத் தொடங்கிய பெட் ஷாப்புக்குச் சீனாவின் செஜியாங் மாகாணத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒரே ஒரு கேட் ட்ரீயை வரவழைத்தார். அதை வீட்டுக் கூடத்தில் நிறுத்தினார். பூனை ஏறியது, பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். உடனே 300 உருப்படிகளுக்கு ஆர்டர், 30 சதவீதம் முன்பணம், கப்பல் ஏறுமுன் மீதி 70 சதவீதம். தூத்துக்குடியில் இறங்கிய சரக்கைக் கிடங்கில் பிரித்தபோது அடிப்பலகை 15 மில்லிமீட்டருக்குப் பதில் 12. கம்பத்துக்குள் இருக்கும் அட்டைக் குழாயை விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. துணி மடிப்புகளில் ஸ்டேப்பிள் பின் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன.

சரி, ஒப்பிட்டுப் பார்க்கச் சாம்பிளைக் கொண்டு வாருங்கள் என்றேன். சாம்பிள் சம்பந்தி வீட்டுக்குப் போய்விட்டதாம். அவர்கள் பூனை ஆசைப்பட்டதாம்.

ஆர்டருக்கு முன் தொழிற்சாலை அனுப்பிய விலைப்பட்டியலை, ப்ரோஃபார்மா இன்வாய்ஸை, வாங்கிப் பார்த்தேன். 'கேட் ட்ரீ, சாம்பல் நிறம், உயரம் 150 சென்டிமீட்டர்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வந்த சரக்கும் கேட் ட்ரீதான், சாம்பல் நிறம்தான், 150 சென்டிமீட்டர்தான். எதை வைத்துச் சண்டை போடுவது?

இதற்கெல்லாம் வேர் ஒரு நம்பிக்கை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் வளர்ந்திருக்கிறோம். அது அதே பானையில் எடுத்த சோற்றுக்குத்தான் பொருந்தும். உங்களுக்கு வந்த சாம்பிள் உங்கள் பானையில் எடுத்ததே இல்லை. உங்கள் பானை அப்போது அடுப்பில்கூட ஏறியிருக்கவில்லை. தொழிற்சாலையில் சாம்பிள் அறை என்று தனியாக ஒன்று இருக்கும். கை தேர்ந்த இரண்டு மூன்று பேர், அவசரம் இல்லாமல், அலமாரியில் இருக்கும் நல்ல பலகையையும் நல்ல கயிற்றையும் எடுத்துச் செய்வது சாம்பிள். உங்கள் 300 உருப்படிகளை வேறு ஆட்கள், துண்டுக்கு இத்தனை என்று கூலி வாங்குபவர்கள், அந்த வாரம் மலிவாகக் கிடைத்த பலகையில் செய்வார்கள். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு முன் சாம்பிள் வாங்கி, அதற்குப் பின் உற்பத்தி நடந்தால் ஆட்களில் பாதிப் பேர் மாறியிருக்கவும் கூடும். இதில் மோசடி எதுவும் இருக்க வேண்டியதில்லை. எழுத்தில் இல்லாததை எந்தத் தொழிற்சாலையும் தன் லாபத்துக்கு ஏற்பத்தான் நிரப்பிக்கொள்ளும். திருப்பூரிலும் அதுதான் நடக்கிறது. அங்கே பையர் விழித்திருக்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு.

சாம்பிளை ஒரு அளவுகோலாக மட்டும் பாருங்கள். சரக்கு வந்த பிறகு, அல்லது வருவதற்கு முன், 'இதோ இதைத்தான் ஒப்புக்கொண்டோம்' என்று எடுத்துக் காட்டுவதற்காகவே அது இருக்கிறது. அளவுகோலை யாராவது சம்பந்தி வீட்டுக்குக் கொடுப்பார்களா?

அடுத்த வேண்டுகோள்: இலவசமாகக் கேட்காதீர்கள். இலவசமாக வருவது அலமாரியில் கிடந்த, வேறு யாருக்கோ செய்த பொருள். காசு கொடுத்து, உங்கள் அளவில், உங்கள் துணியில் செய்யச் சொல்லுங்கள். ஆர்டர் உறுதியானால் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கூரியர் செலவைக் கேட்டு மயக்கம் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 60, 50, 25 சென்டிமீட்டர் உள்ள பெட்டியின் கன அளவு 75,000 கன சென்டிமீட்டர். கூரியர் நிறுவனங்கள் வழக்கமாக அதை 5,000-ஆல் வகுத்து 15 கிலோ என்று கட்டணம் போடும், உள்ளே இருப்பது 11 கிலோவே ஆனாலும். ஆகவே முதலில் முழுப் பொருளை வரவழைக்காதீர்கள். உள்ளங்கை அளவுப் பலகை, ஒரு முழம் கயிறு, குழாயிலிருந்து அறுத்த ஒரு வளையம், துணி, ஒரு போல்ட், அதைப் பிடிக்கப் பலகைக்குள் பதிக்கும் ஒரு டி-நட் ஆகியவற்றைச் சிறு பொட்டலமாக வாங்குங்கள். அதில் தேறாத தொழிற்சாலையின் முழுச் சாம்பிள் உங்களுக்குத் தேவையே இல்லை.

தேறினால் மூன்று சாம்பிள்கள் வேண்டும். ஒன்றில் இரு தரப்பும் கையெழுத்திட்டுச் சீல் வைத்துத் தொழிற்சாலையிலேயே இருக்கட்டும். ஒன்று அதே சீலுடன் உங்கள் அலமாரியில். மூன்றாவதை உடைக்க வேண்டும். ஆம், உடைக்கத்தான். அழகாக இருக்கிறதே என்று தயங்குபவர்களிடம் நான் ரம்பத்தைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.

உடைப்பதற்கு முன் நீங்களே அதன் பாகங்களைப் பூட்டிப் பாருங்கள். கடைப் பையனிடம் கொடுக்காதீர்கள். பெட்டியில் இருக்கும் தாளையும் ஆலன் கீயையும் மட்டும் வைத்துக்கொண்டு பூட்டிக் கழற்றி, மறுபடி பூட்டுங்கள். மரத்தூளை ஒட்டி அழுத்திய மட்டமான பார்ட்டிகிள் போர்டில் இரண்டாம் முறையே டி-நட் பிடி விட்டுச் சுற்றத் தொடங்கும். பிறகு உச்சித் தட்டில் பயணப்பெட்டிக்கு எடை பார்க்கும் தொங்கு தராசை மாட்டிக் கிடையாக இழுங்கள். அடிப்பலகையின் ஓரம் தரையை விட்டுக் கிளம்பும் கணத்தில் தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கொழுத்த ஆண் பூனை ஐந்தாறு கிலோ இருக்கும். அது ஓடிவந்து பாயும்போது விழும் அடி அந்த ஐந்தாறு கிலோவோடு நிற்காது. ஒவ்வொரு தட்டிலும் 10 கிலோ அரிசிப் பையை ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் தொய்வை அளந்து பாருங்கள்.

கயிற்றில்தான் அதிக ஏமாற்று நடக்கிறது. சைசல் (ஒரு வகைக் கற்றாழை நார்) என்று சொல்லிச் சணல் சுற்றுவார்கள், காகிதக் கயிறுகூடச் சுற்றுவார்கள். நனைத்துப் பிரித்தால் காகிதம் தெரிந்துவிடும். அசல் சைசலாக இருந்தாலும் முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் நூற்கும்போது எண்ணெய் இட்ட கயிறு. பூனை அதை வாயாலும் கடிக்கும், அதனால் எண்ணெய் இடாத கயிறு என்று தெளிவாக எழுதிக் கேளுங்கள். சாயம் போட்டதென்றால் ஈர வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியின் கனத்தைப் பார்க்கத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜி.எஸ்.எம். கட்டரால் நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்றை வெட்டி எடை போட்டு, கிராமை நூறால் பெருக்குங்கள், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும்.

ஸ்டேப்பிள் பின் முனைகளைக் கண்ணால் தேடாதீர்கள். பிளஷ் துணியின் ரோமத்துக்குள் அவை தெரியாது. ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து எல்லா மடிப்புகளிலும் ஓரங்களிலும் மெல்லத் தேய்த்துக்கொண்டே போங்கள். எங்கே நார் சிக்கி இழுபடுகிறதோ அங்கே முனை வெளியே இருக்கிறது. தொங்கும் பந்தையும் இறகையும் கட்டியிருக்கும் எலாஸ்டிக் நூலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். விழுங்கிய நூல் பூனையின் குடலைச் சுருட்டி, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோவதை அவர் சொல்வார். என்னைக் கேட்டால் அந்தப் பொம்மையே வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்போது ரம்பம். குழாயைக் குறுக்கே அறுத்துச் சுவரின் தடிமனை வெர்னியரில் அளந்து எழுதுங்கள். பலகையின் தடிமனை அளக்கும்போது துணியோடு சேர்த்து அளக்காதீர்கள், உரித்துவிட்டு அளங்கள். பலகைக்கு 'ஈ1' சான்று இருக்கிறது என்பார்கள். பலகைப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுவுக்கான வரம்பு அது; சீனத் தரநிலை ஜிபி 18580-இன் 2017 பதிப்பின்படி வெளியேற்றம் கன மீட்டர் காற்றுக்கு 0.124 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். அறிக்கையில் இருக்கும் பலகையும் உங்களுக்கு வரும் பலகையும் ஒன்றா, தடிமனும் தயாரிப்பாளர் பெயரும் தேதியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பெட்டியைத் திறந்தவுடன் கண் எரிந்தால் அறிக்கையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

பெட்டியையும் சோதிக்க வேண்டும். 10 முதல் 19 கிலோ வரை உள்ள பெட்டி என்றால் 61 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போட வேண்டும்: ஒரு மூலை, மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள். ஐ.எஸ்.டி.ஏ. 1ஏ என்ற சர்வதேசப் பொட்டலச் சோதனையில் வரும் முறை இது. நம் லாரி ஷெட்டுகளில் பெட்டி இதைவிட இரக்கத்தோடு இறக்கப்படுகிறது என்று நினைக்கிறீர்களா?

இப்படி அளந்த ஒவ்வொரு எண்ணும், தராசு காட்டிய எண் உட்பட, ஆர்டர் தாளில் ஏற வேண்டும். 'சாம்பிள்படி' என்ற ஒற்றைச் சொல் போதாது. மீதி 70 சதவீதத்தைச் சரக்கைச் சோதித்த பிறகே தருவேன் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். 300 உருப்படிகள் என்றால் மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணையின் இரண்டாம் பொதுச் சோதனை நிலைப்படி 50 பெட்டிகளை நாங்களே பொறுக்கிப் பிரிப்போம், தொழிற்சாலை எடுத்துத் தரும் பெட்டிகளை அல்ல. 2.5 என்ற ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர வரம்பு) அளவில் பெரிய குறைகள் மூன்று வரை ஏற்கலாம், நான்காவது வந்தால் சரக்கு நிராகரிப்பு. நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டேப்பிள் முனைக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒன்று கண்டாலும் ஏற்கக் கூடாது. பரிசோதகருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிப்பவர்கள், ஒரு கன்டெய்னர் சரக்கைத் திருப்பி அனுப்ப எவ்வளவு ஆகும் என்று தங்கள் கிளியரிங் ஏஜென்டிடம் ஒரு முறை கேட்டுவிட்டு வரட்டும்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட சரக்கைக் கிடங்கில் வைத்திருப்பவர்களே, தள்ளுபடி விலையில் அப்படியே தள்ளிவிடாதீர்கள். எலாஸ்டிக் பொம்மைகளை வெட்டி எறியுங்கள். பஞ்சு தேய்த்துச் சிக்கும் இடங்களில் பின்னைக் குறடால் பிடுங்கித் துணியைத் தைத்துவிடுங்கள். அடிப்பலகைக்குக் கீழே அதைவிட அகலமான 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றைத் திருகிவிட உள்ளூர்த் தச்சரே போதும். அதற்கான செலவை விலையில் சேருங்கள். குழாய் அமுங்கும் உருப்படிகளை மட்டும் விற்கவே வேண்டாம். அதற்கு வைத்தியம் கிடையாது.