இலையிலும் உப்பு, அலகிலும் உப்பு

பிச்சாவரத்தில் படகில் போகும்போது கைக்கெட்டும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையை வெயிலில் உற்றுப் பாருங்கள். பொடிப்பொடியாக ஏதோ மின்னும். தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். தெறித்த தண்ணீர் காய்ந்திருக்கும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை, இலையே உள்ளிருந்து வெளியேற்றிய உப்பு அது.

தென்துருவத்தைச் சுற்றியுள்ள கடல்களில் மூன்று மீட்டருக்கும் மேல் சிறகு விரிக்கும் வாண்டரிங் அல்பட்ராஸ் பறவைக்கு அலகு வழியே நீர் சொட்டும். அதுவும் உப்புநீர்தான்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதைக் குடித்தால், அந்த உப்பைக் கழிக்கவே குடித்ததைவிட அதிகத் தண்ணீர் நமக்குச் செலவாகும். பறவையின் சிறுநீரகமும் இதைச் சமாளிக்காது. அல்பட்ராஸ் தின்னும் கணவாயின் உடம்போ கடலளவுக்கே உப்பானது.

அப்புறம் எப்படி? 1950களில் நட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியலாளர் நீர்க்காகங்களுக்குக் கடல்நீர் கொடுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. கண்களுக்கு மேலே மண்டையோட்டுப் பள்ளத்தில் ஒரு சுரப்பி. அதன் நுண்குழாய்களில் உப்புநீர் ஒரு திசையில் ஓட, ஒட்டியுள்ள இரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது. குழாய்ச் சுவரின் செல்கள், செல் சவ்வில் அயனிகளைத் தள்ளும் புரதமான சோடியம்-பொட்டாசியம் பம்ப்பை இயக்கி, இரத்தத்தின் உப்பைக் குழாய்க்குள் சேர்க்கின்றன. இரத்தத்தில் உப்பு ஏறினால் மட்டும் நரம்பு வழியே கட்டளை வரும், சுரப்பி வேலை செய்யும்.

வெண்கண்டலுக்கு நரம்பும் இல்லை, அந்தப் பம்ப்பும் இல்லை. அது முதலில் வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் மோட்டார் செய்கிற வேலையை இங்கே வெயில் செய்கிறது: இலையில் நீர் ஆவியாக ஆவியாக, கீழிருந்து நீர் இழுபடும். வேர்ச்சவ்வு நீரை விட்டு, உப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் தடுத்துவிடும். எனக்கு இந்த ஏற்பாடுதான் பறவையுடையதைவிட அழகாகத் தெரிகிறது. தப்பி ஏறிய மிச்ச உப்பை இலைச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. அங்கே வேலை செய்வது ஹைட்ரஜன் அயனிகளைத் தள்ளும் புரோட்டான் பம்ப். பக்கத்திலேயே வளரும் சுரபுன்னைக்கு இந்தச் சுரப்பி கிடையாது. அது வேரையே பெரிதும் நம்பியிருக்கிறது.

கடலின் உப்பை இப்படி வென்ற பறவை இன்று அழியும் அபாயத்தில் இருப்பதற்கு முக்கியக் காரணம் மீன்பிடித் தூண்டில். பல கிலோமீட்டர் நீளக் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் இரையைக் கவ்வி, முள்ளில் மாட்டி, கயிறோடு மூழ்கிச் சாகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை இந்த இழப்பை எப்படி ஈடுகட்டும்? தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றி, கயிற்றை இரவில் மட்டும் இறக்கவும் பெரும்பாலான கடற்பறவைகள் குஞ்சு வளர்க்கும் கோடையில் மீன்பிடிக்காமல் இருக்கவும் விதித்த பிறகு, அந்தக் கடற்பரப்பில் தூண்டிலில் சாகும் பறவைகள் மிகவும் அரிதாகிவிட்டன.