ரோத்ஷில்ட்: வீட்டு வாசலில் பிறந்த குடும்பப் பெயர்

ரோத்ஷில்ட் என்பது ஐரோப்பிய மன்னர்களுக்கே கடன் கொடுத்த ஒரு வங்கிக் குடும்பத்தின் பெயர். ஆங்கிலேயர் இந்தப் பெயரை 'ராத்ஸ்சைல்ட்' என்கிறார்கள். அதைக் கேட்டுப் பெயருக்குள் ஒரு குழந்தை இருப்பதாகப் பலர் நினைத்துவிடுகிறார்கள். குழந்தையெல்லாம் இல்லை. ஜெர்மன் மொழியில் ரோட் என்றால் சிவப்பு, ஷில்ட் என்றால் கேடயம். வாசலில் மாட்டும் அடையாளப் பலகைக்கும் ஷில்ட் என்றுதான் பெயர். ரோட், ஷில்ட் என்று பிரித்துப் படித்தால் குழப்பம் தீர்ந்தது.

பெயர் பிறந்த இடம் பிராங்க்ஃபர்ட். 1462 முதல் அந்நகரத்து யூதர்கள் யூடன்காஸ என்ற ஒரே தெருவுக்குள்தான் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். நெருக்கியடித்துக் கட்டிய அந்த வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது; வாசலில் இருந்த அடையாளம்தான் விலாசம். கப்பல், கழுகு, கேடயம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. 1560களில் ஐசக் எல்கானன் என்பவர் கட்டிய வீட்டுக்குச் 'சிவப்புக் கேடயம்' என்று பெயர். அவருடைய வழிவந்தவர்கள் அந்தப் பெயரோடு சேர்த்தே அறியப்பட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பெயரைப் புகழ்பெறச் செய்தவர் சிவப்புக் கேடயத்தில் பிறந்தவரே இல்லை. குடும்பம் 17ஆம் நூற்றாண்டிலேயே அதே தெருவில் 'ஹின்டர்ஃபன்' என்ற வீட்டுக்கு மாறிவிட்டது. ஃபன் என்றால் வாணலி. அந்தப் பெயர் ஒட்டியிருந்தால் ஐரோப்பிய மன்னர்கள் வாணலி வீட்டாரிடம் கடன் வாங்கியிருப்பார்கள்! அங்கே 1744இல் பிறந்தவர்தான் வங்கியாளர் மாயர் ஆம்ஷெல் ரோத்ஷில்ட். பணம் சேர்ந்ததும் அவர் வாங்கிக் குடிபோன வீட்டின் பெயரோ 'பச்சைக் கேடயம்'. பிள்ளைகள் லண்டன், பாரிஸ், வியன்னா, நேப்பிள்ஸ் என்று வங்கி நடத்திய காலத்திலும் அவர் மனைவி கூட்லே அந்த வீட்டை விட்டு நகரவில்லை. 1849இல் அங்கேயே இறந்தார். வீடுகள் மாறின, சிவப்பு மட்டும் மாறவில்லை.

இன்னொன்று: மாயர் ஆம்ஷெல் என்பதில் ஆம்ஷெல் அவருடைய அப்பா பெயர். அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்வதே அன்றைய யூதர்களிடையே பரவலான வழக்கம். நம் முன்னெழுத்து மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று ஆஸ்திரியாவில் 1787இலும், நெப்போலியனின் ஆட்சிப் பகுதியில் 1808இலும் ஆணை வந்த பிறகுதான் பலர் புதிதாகப் பெயர் தேடினார்கள். ரோத்ஷில்ட் குடும்பத்துக்கு அந்தத் தேடல் தேவைப்படவில்லை. 1822இல் ஆஸ்திரியப் பேரரசர் பிரபுப் பட்டம் தந்தபோது, குடும்பச் சின்னத்தின் நடுவே சின்னதாக ஒரு சிவப்புக் கேடயமும் இடம்பிடித்தது. மாயரின் ஐந்து மகன்களுக்கு ஐந்து அம்புகள்.

அதே தெருவில் 'கருப்புக் கேடயம்' என்ற வீடும் உண்டு. அந்தப் பெயர்தான் ஷ்வார்ட்ஸ்ஷில்ட். பிராங்க்ஃபர்ட்டில் 1873இல் பிறந்த இயற்பியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்டின் 1916ஆம் ஆண்டுக் கணக்குதான் கருந்துளைக் கோட்பாட்டுக்கு அடித்தளம். கருப்பும் கருந்துளையும் பொருந்திவந்தது வெறும் தற்செயல்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ஆட்பெயராக வரும்போது மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஜெர்மன் ஒலிப்பை ஒட்டி 'ரோத்ஷில்ட்' என்றே எழுதலாம். பொருள் சொல்ல நேர்ந்தால் செங்கேடயம். குடும்பத்தைச் சுட்ட 'செங்கேடய வீட்டார்' என்பது என் தேர்வு. 'செம்பலகை' என்றும் சிலர் சொல்லக்கூடும். ஆனால் அந்தச் சின்னத்தில் இருப்பது கேடயம்தானே.