எச்சில் பரிசோதனையில் "பைலோரி பாசிட்டிவ்" என்று வந்தால்

மேல்வயிற்று வலி, உப்புசம் என்று வருபவர்களில் சிலர், எச்சிலைக் கொடுத்துச் செய்த பரிசோதனையின் முடிவைக் காட்டி, "பைலோரி பாசிட்டிவ் என்று இருக்கிறது, மருந்து எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்று கேட்கிறார்கள். அந்தத் தாளை மட்டும் நம்பி நான் மருந்து எழுதுவதில்லை.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற, இரைப்பையில் வாழும் இந்தக் கிருமியை 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்த்துக் காட்டிய பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. குடற்புண்ணுக்கு முக்கியக் காரணமான இது, 1994 முதல் இரைப்பைப் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலிலும் இருக்கிறது. ஆகவே கண்டறிய வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதைக் கொண்டு கண்டறிவது என்பதே கேள்வி.

எச்சில் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை; கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. இரத்தத்திலுள்ள அந்த எதிர்ப்பொருள், பெரும்பாலும் ஈறுகளின் இடுக்கு வழியாகவே, அதுவும் மிகக் குறைந்த அளவில், எச்சிலில் கலக்கிறது. ஈறு எப்படி இருக்கிறது, எச்சிலை எப்படிச் சேகரித்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த அளவு மாறுவதால், கிருமி இருந்தும் இல்லையென்றோ, இல்லாமலே இருப்பதாகவோ முடிவு வரக்கூடும். ஊசி வேண்டாம், குழந்தைகளுக்கும் எளிது என்ற நல்ல நோக்கத்தோடு 1990களில் இம்முறையை ஆராய்ந்தார்கள். ஆனால் துல்லியத்தில் அது இரத்தப் பரிசோதனைக்கே ஈடாகவில்லை. இதைவிடப் பெரிய சிக்கல், கிருமி முற்றிலும் அழிந்த பிறகும் எதிர்ப்பொருள் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட, நீடிப்பதுதான். சிகிச்சை முடித்தவர் எச்சிலைக் கொடுத்துவிட்டு "இன்னும் போகவில்லை" என்று கலங்குவதற்கும், தேவையில்லாமல் மறுபடி ஆன்டிபயாடிக் விழுங்குவதற்கும் இதுவே காரணமாகிறது.

இப்போது வயிற்றில் கிருமி இருக்கிறதா என்று அறிய, யூரியா மூச்சுப் பரிசோதனையோ (யூரியா கலந்த மருந்தை விழுங்கியபின் விடும் மூச்சைச் சோதிப்பது) மல ஆன்டிஜென் பரிசோதனையோ (மலத்தில் கிருமியின் கூறுகளைத் தேடுவது) செய்யலாம். இவற்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கடையில் கேட்டு வாங்கிப் போடும் "கேஸ் மாத்திரை" பெரும்பாலும் பான்டோபிரசோல் அல்லது ஒமிப்ரசோல்தான். அது கிருமியின் எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைத்து, இல்லை என்ற பொய்யான முடிவைத் தந்துவிடும். எனவே, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அம்மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக், பிஸ்மத் மருந்துகளை நான்கு வாரமும் நிறுத்திய பின்பே சோதிக்க வேண்டும். (இதைச் சொன்னதும் முகம் வாடுபவர்கள்தான் அதிகம், இடையில் எரிச்சல் தாங்காவிட்டால் சாதாரண அமிலமுறி சிரப் குடிக்கலாம்.) சிகிச்சைக்குப் பிறகு கிருமி ஒழிந்ததா என்று பார்ப்பதற்கும், கடைசி ஆன்டிபயாடிக்கிலிருந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, இதே பரிசோதனைகளைத்தான் செய்ய வேண்டும்.

கறுப்பாக மலம் போவது, இரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்குவதில் சிரமம், இரத்தசோகை ஆகியவற்றில் ஏதாவது இருப்பவர்கள் இவை எவற்றுக்கும் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு என்டோஸ்கோபி தேவைப்படும். கிருமி இருக்கிறதா என்று சோதிப்பதற்கான திசுவையும் அப்போதே எடுத்துக்கொள்ளலாம்.