மூச்சு முட்டும்போது மீன் என்ன செய்யும்?

விடிவதற்குச் சற்று முன், பாசி மண்டிய குளத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காற்றைக் குடிக்கின்றன என்று தோன்றும். பெரும்பாலான மீன்கள் தேடி வருவது காற்றை அல்ல, காற்றை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை. இரவெல்லாம் பாசியும் பாக்டீரியாவும் சுவாசித்துத் தீர்த்த குளத்தில் ஆக்சிஜன் மிஞ்சியிருப்பது அங்கேதான்.

தண்ணீரில் ஆக்சிஜன் எப்போதுமே பஞ்சம்தான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரை. அதே அளவு காற்றில் 270-க்கு மேல் இருக்கிறது.

அளவு குறைவதை முதலில் உணர்பவை செவுளில் உள்ள சில செல்கள். உடனே வாயும் செவுள்மூடியும் வேகமெடுத்து, கூடுதல் நீரைச் செவுள் வழியாகத் தள்ளுகின்றன. இதயமோ, நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, பல மீன்களில் மெதுவாகிறது. ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தம் போகும்.

அப்புறம் இரத்தத்தின் முறை. மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை வெளியே விடுகிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஏடிபி, ஜிடிபி என்ற மூலக்கூறுகள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு அதன் மேல் உள்ள பிடியைத் தளர்த்துபவை. பற்றாக்குறை நீடித்தால் இவை குறைந்து, பிடி இறுகும். செவுளில் கிடைக்கும் கொஞ்சநஞ்சமும் தப்பாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குரூசியன் கெண்டை. ஆக்சிஜன் நிறைந்த குளிர்நீரில் அதன் செவுள் இதழ்களுக்கு இடையே செல்கள் அடைத்துக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் சில நாட்களில் அந்தச் செல்கள் மடிந்து, இதழ்கள் துருத்திக்கொண்டு வெளியே வரும். மூச்சு வாங்கும் பரப்பு ஏழு மடங்காகிவிடும். சரி, எப்போதும் அப்படியே விரித்து வைத்தால் என்ன? நன்னீரில் செவுள் பரப்பு கூடக்கூட, உடலின் உப்பு கசியும், தண்ணீர் உள்ளே நுழையும். அதை ஈடுகட்டவே சக்தி செலவாகும்.

ஆக்சிஜன் அறவே இல்லாவிட்டால்? பெரும்பாலான மீன்களில் லாக்டிக் அமிலம் தேங்கி, சீக்கிரமே உயிர் போய்விடும். குரூசியன் கெண்டையும் தங்கமீனும் அதை எத்தனாலாக, அதாவது சாராயத்தில் உள்ள அதே ஆல்கஹாலாக, மாற்றிச் செவுள் வழியே நீரில் விட்டுவிடுகின்றன. எரிபொருளைக் கொட்டிக் கவிழ்ப்பது போன்ற ஊதாரித்தனம்தான். இருந்தும் பனிக்கட்டி மூடிய குளத்தின் அடியில், கல்லீரலில் சேர்த்த கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை தீரும்வரை, குரூசியன் கெண்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.