உறைந்து உருகும் குதிரை விந்தணு: சேதம் எங்கே நேர்கிறது?

திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். செயற்கைக் கருவூட்டலுக்காகச் சேமித்த ஒரு குதிரை விந்தணு அந்தக் குளிரில் பத்தாண்டு கிடந்தாலும் முப்பதாண்டு கிடந்தாலும் அதற்கு ஏறக்குறைய எதுவும் நேர்வதில்லை. உயிர்வினைகளை நடத்தித் தருவதற்கு அங்கே நீர்மநிலையில் நீரே கிடையாது. சேதமெல்லாம் வழியில்தான் நேர்கிறது. இறங்கும்போது ஒருமுறையும் ஏறும்போது ஒருமுறையும் கடக்க வேண்டிய சில பத்து டிகிரிகளில், பல பொலிகுதிரைகளின் (இனப்பெருக்கத்துக்கான ஆண்குதிரைகளின்) விந்தணுக்களில் பாதியோ அதற்கு மேலோ நீந்தும் திறனை இழந்துவிடுகின்றன.

முதல் அடி, பனிக்கட்டி உருவாவதற்கு வெகு முன்பே விழுகிறது. உயிருள்ள செல்லின் சவ்வு, பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகள் தாராளமாக நகரும் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம். ஏறத்தாழ 20 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கும்போது அந்தக் கொழுப்பின் ஒரு பகுதி இறுகிக் கூழ்நிலைக்கு மாற, மறுபகுதி இளகியே நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் விளிம்புகளில் கசிவு ஏற்படுகிறது. கொலஸ்ட்ரால் மிகுந்த சவ்வு இந்த மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். மனித விந்தணுவுக்கு அந்த வசதி உண்டு; குதிரை விந்தணுவின் சவ்வில் கொலஸ்ட்ரால் குறைவு. அதனால்தான் திடீரெனக் குளிர்விக்கப்பட்ட குதிரை விந்தணுக்களை நுண்ணோக்கியில் பார்த்தால் சில வட்டமடித்துச் சுழல்வதையும் சில பின்னோக்கி நீந்துவதையும் காண்கிறோம். முட்டை மஞ்சள் கருவிலும் பாலிலும் உள்ள சில புரதங்களும் கொழுப்புகளும் சவ்வைக் காப்பதால், விந்துவை நீர்க்கச் செய்யும் கரைசல்களில் அவை நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன.

உறைநிலைக்குக் கீழே இறங்கியதும் சிக்கல் வேறாகிறது. பனி முதலில் செல்லுக்கு வெளியே உருவாகிறது. பனிப்படிகம் தூய நீரை மட்டுமே எடுத்துக்கொண்டு உப்பை ஒதுக்கிவிடுவதால், படிகங்களுக்கு இடையே எஞ்சும் குறுகிய நீரோடைகளில் கரைபொருள்கள் செறிந்துகொண்டே போகின்றன. மைனஸ் 10 டிகிரியில் அந்த நீரின் கரைபொருள் செறிவு, உடல் திரவத்தின் செறிவைப்போல் சுமார் 18 மடங்கு. விந்தணுக்கள் அந்த ஓடைகளில் சிக்கிக்கிடக்க, அவற்றின் உள்ளிருக்கும் நீர் சவ்வூடு பரவலால் வெளியே இழுக்கப்பட்டு, செல் சுருங்கி வற்றுகிறது. மிக மெதுவாகக் குளிர்வித்தால் இந்தச் செறிந்த கரைசலில் செல் நெடுநேரம் ஊற நேரும். மிக வேகமாகக் குளிர்வித்தால் நீர் வெளியேற நேரமின்றி உள்ளேயே உறையக்கூடும். இந்த இரு ஆபத்துகளுக்கும் இடையில் ஒவ்வொரு செல் வகைக்கும் உகந்த ஒரு வேகம் உண்டு என்று குளிர் உயிரியல் ஆய்வாளர் பீட்டர் மசூர் 1970களின் தொடக்கத்தில் வகுத்த விளக்கமே இத்துறையின் அடித்தளம்.

கிளிசரால் என்னும் பாகுபோன்ற நீர்மம் இங்கேதான் உதவுகிறது. அது விந்தணுவைக் காப்பதை கிறிஸ்டோஃபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவல் விந்தணுக்களைக் கொண்டு 1949இல் வெளியிட்டனர். உறைவிந்துவின் மூலம் பிறந்த முதல் குதிரைக்குட்டியைப் பற்றிய செய்தி 1957இல் கனடாவிலிருந்து வந்தது. கிளிசராலின் செயல் எளிமையானது, என் கண்ணுக்கு மிக அழகானதும்கூட. குறிப்பிட்ட வெப்பநிலையில் உறையாமல் எஞ்சும் நீரின் மொத்தக் கரைபொருள் செறிவு ஏறத்தாழ மாறாதது. அதில் பெரும்பங்கைக் கிளிசரால் பிடித்துக்கொண்டால் உப்புக்கு மிஞ்சும் பங்கு சுருங்கிவிடுகிறது. உறையாத நீரின் அளவும் கூடுகிறது. ஆனால் அதே கிளிசரால் அளவு மீறினால் குதிரை விந்தணுவுக்கு நஞ்சு. ஆகவே சில விழுக்காட்டுக்குள்ளேயே அதை நிறுத்துகிறார்கள்.

பொதுவாக விந்துவை மையவிலக்கியில் சுழற்றி, விந்துப் பாய்மத்தின் பெரும்பகுதியை நீக்கி, ‘குச்சி’ எனப்படும் அரை மில்லிலிட்டர் மெல்லிய குழல்களில் நிரப்பி, திரவ நைட்ரஜனின் ஆவியில் உறையவைத்த பின் திரவத்துக்குள் அமிழ்த்துகிறார்கள். உருக்கும்போது 37 டிகிரி வெந்நீரில் சுமார் 30 விநாடி போதும். வேகம் தேவைப்படுவதற்குக் காரணம், மெதுவாகச் சூடேறினால் சிறு பனிப்படிகங்கள் ஒன்றிணைந்து பெரிதாகிச் செல்லை நெருக்கும் என்பதே.

வேகமாகக் குளிர்விக்கப்பட்ட செல் சாவது உள்ளே உருவாகும் பனியால்தான் என்பது நெடுநாள் நம்பிக்கை. 2007இல் வெளியான ஓர் ஆய்வு, வேகமாக உறையவைத்த குதிரை விந்தணுக்களை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, உள்ளே பனியைக் காணவில்லை; சாவுக்குக் காரணம் உருகும்போது நிகழும் சவ்வூடு பரவல் சமநிலைக் குலைவே என்றது. வற்றிய செல்லுக்குள் நீர் மீண்டும் பாயும்போது அது வீங்குகிறது. குதிரை விந்தணுவோ வீக்கத்தை அதிகம் தாங்காதது. பிறகு பெண்குதிரையின் கருப்பையைச் சேர்ந்ததும், உள்ளே புகுந்திருந்த கிளிசரால் வெளியேறுவதைவிட வேகமாக நீர் நுழைய, அதே இக்கட்டு மறுபடியும் நேர்கிறது. கிளிசராலைவிடச் சிறிய மூலக்கூறுகளான மெத்தில்ஃபார்மமைடும் டைமெத்தில்ஃபார்மமைடும் சவ்வை எளிதில் கடக்கின்றன. கிளிசராலில் பிழைக்காத சில பொலிகுதிரைகளின் விந்து அவற்றில் தேறுவதற்கு இதுவே காரணம் எனக் கருதப்படுகிறது.

நீந்துகிற விந்தணு நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குதிரை விந்தணு தன் ஆற்றலில் பெரும்பகுதியை மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைக் கொண்டே பெறுகிறது. அடிபட்ட மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகள் சவ்வின் கொழுப்பமிலங்களை அரிக்கின்றன. கசியும் சவ்வின் வழியே கால்சியம் உள்ளே நுழைந்து, கருமுட்டையை நெருங்கும்போது மட்டுமே தொடங்க வேண்டிய முதிர்ச்சி மாற்றங்களை முன்கூட்டியே தூண்டிவிடுகிறது. செல்நீர்மம் மிகக் குறைவாகவும் மரபணுக்கள் செயலற்று அடங்கியும் இருக்கும் விந்தணுவால் புதிய புரதம் செய்து தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள முடியாது. உயிர்பிழைத்தும் முதுமையடைந்துவிட்ட செல் அது.

காளைகளில் உறைவிந்து இவ்வளவு பரவியதற்கு, உறைதலைத் தாங்கும் விந்துள்ள காளைகளையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததும் ஒரு காரணம். குதிரையிலோ தேர்வு ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் வம்சத்துக்கும்தான். ஆகவே ஒரு பொலிகுதிரையின் விந்து நன்கு பிழைக்க, மற்றொன்றின் விந்து அதே கரைசலில் அதே வேகத்தில் முற்றாக மடிகிறது.

இந்தச் சேதத்தின் விளைவைப் பெண்குதிரையிடம் நேரடியாகக் காணலாம். புதிய விந்து அதன் உடலில் பெரும்பாலும் இரண்டு நாட்களுக்கு மேலும் கருவூட்டும் திறனோடு இருக்கும். உருகிய விந்துவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 12 மணி நேரம். ஆகவே கருமுட்டை வெளியேறுவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள்ளோ பிந்தைய 6 மணி நேரத்துக்குள்ளோ சினை ஊசி போட (விந்துவைக் கருப்பைக்குள் செலுத்த) வேண்டியிருப்பதால், கால்நடை மருத்துவர் ஹார்மோன் கொடுத்துக் கருமுட்டை வெளியேறும் நேரத்தை முன்கூட்டியே கணித்து, இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து, சூல்பையில் கருமுட்டையைச் சுமக்கும் நீர்க்குமிழ் வெடித்த உடனேயே குச்சியை வெந்நீரில் இடுகிறார்.