வலி மாத்திரைக்கும் விந்தணுவுக்கும் என்ன சம்பந்தம்?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குபவருக்கோ வலை இழுப்பவருக்கோ இடுப்பு பிடித்துக்கொண்டால், நேராக மெடிக்கலில் போய் நிற்பார். "வலிக்கு ரெண்டு மாத்திரை குடுண்ணே." கைக்கு வருவது பெரும்பாலும் இபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக். ஓரிரு நாள் போட்டுக்கொள்வதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வாரக்கணக்கில் தினமும் விழுங்கினால்?

டென்மார்க், பிரான்ஸ் ஆய்வாளர்கள் 31 இளைஞர்களை வைத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார்கள். 14 பேருக்கு ஆறு வாரம் தினமும் 1200 மில்லிகிராம் இபுப்ரோஃபென். மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை. ஆனால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். ஹார்மோன் 14ஆம் நாள் 23 சதவீதமும், 44ஆம் நாள் 33 சதவீதமும் ஏறியிருந்தது.

காரணம் இதுதான். விரைக்குள் டெஸ்டோஸ்டிரோனைத் தயாரிப்பவை லேடிக் செல்கள். அவற்றை வேலை வாங்குவது எல்.எச். மாத்திரை அந்தச் செல்களை மந்தமாக்க, பிட்யூட்டரி இன்னும் அதிகமாக விரட்டுகிறது. மேல்தொட்டி நிறைந்துதான் இருக்கிறது, மோட்டார்தான் கூடுதல் நேரம் ஓடுகிறது. டெஸ்டோஸ்டிரோனை மட்டும் சோதித்தால் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றே வரும். அதற்காக 'ஆண்மையே போய்விடும்' என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். அந்த ஆய்வில் விந்தணுக்களை எண்ணவே இல்லை.

விந்தணுவையே நேரடியாகத் தொடுவது வேறொரு மருந்து: சல்ஃபாசலசைன். மூட்டுவாதத்துக்கும் பெருங்குடல் அழற்சிக்கும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கொடுப்பார்கள். புதுச்சேரி ஜிப்மருக்கு மாதாமாதம் பஸ் ஏறுகிறவர்களில் சிலருடைய சீட்டிலும் இந்தப் பெயர் இருக்கும். குடலுக்குள் இது இரண்டாகப் பிரியும். அதில் சல்ஃபாபிரிடின் என்ற பாதிதான் வில்லன்: விந்தணுக்களின் எண்ணிக்கை குறையும், நீந்தும் வேகம் தளரும், வடிவமும் கெடும். 1970களின் கடைசியிலேயே மருத்துவர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள்.

நல்ல விஷயம், இது நிரந்தரமல்ல. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். அதனால் மருந்தை நிறுத்தி இரண்டு மூன்று மாதத்தில் புதிய கூட்டம் வந்துவிடும். குடல் நோய்க்காரருக்கு, சல்ஃபாபிரிடின் இல்லாத மெசலமைனுக்கு மாற்றிக்கொடுக்கவும் வழியுண்டு.

ஆனால் நம் ஊரில் குழந்தை தள்ளிப்போனால் முதலில் மருமகளைத்தான் ஸ்கேனுக்கு அழைத்துப் போகிறோம். மகன் சாப்பிடும் மாத்திரை யாருக்கும் நினைவு வருவதில்லை. அவரும் மூட்டு டாக்டரிடம் குழந்தைப் பேச்சை எடுப்பதில்லை. அதற்காகத் தானாக மருந்தை நிறுத்தினால் மூட்டு மறுபடி வீங்கும். சீட்டைக் காட்டி, "குழந்தைக்கு முயற்சி பண்றோம், இதை மாத்தலாமா சார்?" என்று கேட்டாலே போதும்.