மூன்று சென்டிமீட்டர் முடிக்குள் மூன்று மாதம்

ஜெர்மனியில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி உரிமத்தைப் பறிகொடுத்தவர்களில் பலர், அதைத் திரும்பப் பெற மருத்துவ உளவியல் தேர்வு ஒன்றைக் கடந்தாக வேண்டும். 'ஒரு வருடமாகத் தொடவே இல்லை' என்று வாயால் சொன்னால் போதாது. முடியும் அதையே சொல்ல வேண்டும். பின்னந்தலையில் பென்சில் பருமனுக்கு ஒரு கற்றையைப் பிடித்து, நூலால் கட்டி, தோலை ஒட்டி வெட்டுகிறார்கள். வேர்ப்பக்கம் எது என்று உடனே குறித்துவிடுவார்கள். முனை மாறினால் காலமே மாறிவிடும்.

ஏனென்றால் தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. வேரை ஒட்டிய 3 செ.மீ. என்பது கடந்த மூன்று மாதம். ரத்தத்தில் மது சில மணி நேரமே நிற்கும். சிறுநீரில் அதன் தடம் சில நாட்களில் மறைந்துவிடும்.

முடியில் தேடுவது மதுவை அல்ல. குடித்ததில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது மட்டும் உடலில் உள்ள குளூக்குரோனிக் அமிலத்தோடு இணைந்து எத்தில் குளூக்குரோனைடாக மாறுகிறது. ரத்தம், வியர்வை வழியாக அது வளரும் முடிக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. ஆய்வகத்தில் முடியைக் கழுவி, உலர்த்தி, மாவாக அரைத்து, நீரில் ஊறவைத்து, அதைப் பிரித்தெடுத்து, மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியில் அளக்கிறார்கள்.

ஒரு மில்லிகிராம் முடியில் எத்தில் குளூக்குரோனைடு 30 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அல்லது அதற்கு மேல் இருந்தால், பல மாதங்களாக மிதமிஞ்சிக் குடித்ததற்கான வலுவான அடையாளம் என்கிறது சர்வதேச முடிப் பரிசோதனைச் சங்கத்தின் வரையறை. நூறு கோடியில் 30 பங்கு! மிதமிஞ்சி என்பது நாளுக்குச் சராசரியாக 60 கிராம் தூய ஆல்கஹால். நம் ஊர்க் கணக்கில், 42.8 சதவீத பிராந்தி 180 மில்லி குப்பி ஒன்றில் இருப்பது கிட்டத்தட்ட அதே அளவுதான். தினம் ஒரு குவார்ட்டரை 'அளவாகக் குடிக்கிறேன்' என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 5 பிகோகிராமைத் தொட்டாலே, மதுவைத் தொடவில்லை என்ற பேச்சு சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஆனால் இந்தச் சாட்சியை எளிதில் கலைத்துவிடலாம். எத்தில் குளூக்குரோனைடு நீரில் கரையும். முடியை வெளுத்தால் பெரும்பகுதி போய்விடும். நிறைய குடித்தவர் நல்லவராகத் தெரிவார். அதனால் மது கொழுப்பு அமிலங்களோடு இணைந்து உண்டாகும் கொழுப்பு அமில எத்தில் எஸ்டர்களையும் சில ஆய்வகங்கள் பார்க்கின்றன. தோலின் எண்ணெய்ப் பசையோடு வந்து ஒட்டும் இவை நேர்மாறாகத் தவறும்: ஆல்கஹால் கலந்த ஹேர் ஸ்பிரே அடித்துக்கொண்டாலே கூடிவிடும், ஒரு சொட்டும் குடிக்காதவர் குடிகாரராகத் தெரிவார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எத்தில் குளூக்குரோனைடின் அளவு, குடித்ததற்குப் பொருந்தாத வகையில் உயர்ந்துவிடும். ஓட்டுநர் உரிமத்தை மட்டுமல்ல, ஒருவரின் வேலையையும், குழந்தை யார் காவலில் இருக்கும் என்பதையும் ஒரே எண்ணை வைத்துத் தீர்மானிப்பது அநியாயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்த நாளில் குடித்தார் என்பதையும் முடி சொல்லாது. மூன்று மாதச் சராசரிதான் அதற்குத் தெரியும்.

மொட்டை அடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அப்போது மார்பு முடி, கால் முடியை எடுக்கலாம். ஆனால் அவை வளரும் வேகமே வேறு. பல மாதம் வளராமல் அப்படியே நிற்பவையும் உண்டு. மது இருந்தது தெரியும், எந்த மாதத்தில் என்பது தெரியாது.